கோடில்லாத ஏழு

பனிக்கட்டிப் பெட்டியில் ஒன்பது துண்டு சூரை.
ஒட்டுத்தாளில் தேதி: 17.7.
இரண்டு ஏழுக்கும் நடுவில் கோடில்லை.

பிரேமர்ஹாஃபனில் படித்தவர் எவரும்
ஏழை இப்படி அரைக்கச்சை இல்லாமல்
வெளியே விடமாட்டார்.
பெயரை மறைத்து எண்ணால் மட்டும்தான் அனுப்புகிறார்கள்.
ஆனாலும் எந்தப் பள்ளிக்கூடத்துக் கை என்று
தெரிந்துவிட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
மீனுக்கு அது செல்லாது.
வால்பக்கம் சுத்தமாயிருக்கும், வயிற்றுப்பக்கம் கெட்டிருக்கும்,
பெட்டியில் அடுத்துக் கிடந்த மீனில் ஒன்றுமே இராது.
அதனால் சட்டம் ஒன்பது கேட்கிறது.

கப்பல் பட்டறைச் சாப்பாட்டுக்கூடம். பதினொரு பேர்.
சாப்பிட்டு அரைமணியில்
முகம் சிவந்து, காது கொதித்து, தலை இடித்து
வெட்கப்பட்டவர்கள் போல
வரிசையாய் உட்கார்ந்திருந்தார்களாம் வெல்டர்கள்.
அகத்தில் உள்ளது முகத்தில் தெரிய
அரைமணி போதும்.
அவர்களில் ஒருவரின் மூத்திரமும் வந்திருக்கிறது,
மூடிய குப்பியில், மீனுக்குப் பக்கத்துத் தட்டில்.

பத்து மணிக்குத் தொலைபேசி.
ஜெர்மனில்தான் தொடங்கினார்.
வண்டி இரண்டரை மணி நேரம் நெடுஞ்சாலையில் நின்றது,
குளிரூட்டி ஓடியதென்று சாரதி சத்தியம் செய்தது,
தான் நன்றாக வேகவைத்தது.
பிறகு பக்கத்தில் யாருக்கோ சொல்வதுபோல்:
"மணந்து பாத்தனான். ஒரு மணமுமில்லை."

மணம் இராது, ஐயா.
ஹிஸ்டமினுக்கு வாசனையும் இல்லை, அடுப்புப் பயமும் இல்லை.
வேகவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது,
திரும்ப உறையவைத்தாலும் அங்கேயே இருக்கும்.
இதை நான் தமிழில் சொல்லவில்லை.
முடிவு எழுத்தில் வரும் என்றேன்,
ஜெர்மனில்.

உடம்புக்குத் தொண்ணூற்றாறு தத்துவம்.
என் தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி.
ஊற்று, காத்திரு, மூன்று முறை கழுவு.
நீலம் எழும். அமிலம் விட்டால் மஞ்சள்.
புதிதாய் வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது:
மஞ்சள் அடர்ந்தால் நல்ல மீன்,
வெளிறினால்தான் விஷம்.

ஏழு துண்டு, அரைத்த மஞ்சள்.
எட்டாவதற்குக் கொஞ்சம் சோகை.
ஒன்பதாவது
தண்ணீர்.

வீப்கே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
மறுபடி செய் என்றாள்.
அவள் சொல்லாவிட்டாலும் செய்திருப்பேன்.
தண்ணீர்.
கிலோவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராம்.
இருநூறைத் தாண்ட ஒரு துண்டுக்கும் அனுமதியில்லை.
மூத்திரமும் அதையே சொன்னது, தன் பாஷையில்.

அறிக்கையில் அளவுக்கு ஒரு கட்டம்,
முறைக்கு ஒரு கட்டம்,
பிழை வீச்சுக்குக்கூட ஒரு கட்டம்.
வண்டி நின்ற இரண்டரை மணிக்கு இல்லை.
மணந்து பார்த்த மூக்குக்கும்.

வெளியே துறைமுகத்தில்
எந்தச் சோதனையும் கேளாமல்
மீன்குடலுக்கு அடித்துக்கொள்கின்றன கடற்காகங்கள்.

கையெழுத்துப் போட்டேன்.
தேதி: 19.7.
பேனா ஏழை எழுதி முடித்து
ஒரு கணம் நின்று
திரும்பி வந்து
குறுக்கே ஒரு கோடு இழுத்தது.