ஆளுக்கு நாலு லிட்டர்

திருவொற்றியூரில் இரவு ஒன்பதரை.
அங்கே காலை ஒன்பது.
மெக்சிகோவின் நீண்ட வால் போன்ற பாஹாவில்
விடுதிக்கார அம்மாள் போனை எடுக்கிறாள்.
அவளுக்கும் ஆங்கிலம் தடுக்கும், எனக்கும்.
ஒருவர் விழுவதை மற்றவர் பார்க்காத மாதிரி
பேசிக்கொள்கிறோம்.

தண்ணீர், என்கிறாள்.
ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர்.
கார் நின்றுபோனால்
அடுத்த மனிதன் எப்போது வருவான் என்று
சொல்ல முடியாதாம்.
மின்வாரியம் கொடுத்த பழைய டைரியில் எழுதுகிறேன்:
இரண்டு பேர், நாலு லிட்டர், ஒன்பது நாள்.
எழுபத்திரண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அம்மா, லாரி வராத அந்தக் கோடையில்
மூன்றாம் மாடிக்குப்
பதினெட்டுக் குடம் ஏற்றியவள் நான்.
சொல்லத் தெரியவில்லை.
குடத்துக்கு அவள் மொழியில் என்ன,
இடுப்புக்கு என்ன.
ஓக்கே, என்கிறேன்.

கஸ்பார் பக்கத்து அறையில்
முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி
காது கேளாதவர் போல உட்கார்ந்திருக்கிறார்.
முப்பத்தோரு வருஷம் கப்பலில், என்ஜின் அறை.
அந்தக் கரைக்கு மூன்று முறை போனார், உப்பு ஏற்ற.
ஒரு முறை தாள் சரியில்லை என்று இறங்க விடவில்லை.
ஒரு முறை நேரமில்லை.
ஒரு முறை இவரே தூங்கிவிட்டார்.
'பார்த்திருக்கேன், மிதிச்சதில்ல'
என்று கல்யாண வீடுகளில் சொல்வார்,
பெண் பார்க்கப் போய்
பஜ்ஜியோடு திரும்பியவர் மாதிரி.

இப்போது கேட்டால் மட்டும்,
'உப்பப் பாக்க ஆறு லட்சமா?
அத்திப்பட்டுக்கு பஸ் ஏறினா உப்பளம்.'

ஐந்நூறு கிலோமீட்டர் ஒரு நாளில் வேண்டாம்,
இருட்டில் சாலையில் மாடு படுத்திருக்கும்,
பெட்ரோல் கண்ட இடத்தில் போட்டுக்கொள்,
அடுத்த பங்க் முந்நூறு தள்ளி.
அம்மாள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
ஓட்டப்போவது நான்.
ஐம்பத்தெட்டில் எல் போர்டு மாட்டி
மணலி டேங்கர்களுக்கு நடுவே பழகியவள்.
அங்கே வலது பக்கம் ஓட்டணுமாம்.
அதனால் என்ன,
எர்ணாவூர் மேம்பாலத்தில்
பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது என்று
பள்ளிக்கூடத்தில் படித்தேன்.
முல்லையும் குறிஞ்சியும் காய்ந்தால் பாலை.
நெய்தல் காய்ந்தால் என்ன என்று
வகுப்பில் ஒருத்தியும் கேட்கவில்லை.
இந்தப் படத்தில்
கள்ளி மூன்று மாடி உயரம் நிற்கிறது,
அதன் காலடியில் அலை.
பிரிவும் இரங்கலும் ஒரே கரையில்.
கப்பல்காரன் பெண்டாட்டிக்கு
இதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம்.
கண்ணாடி வேண்டும், எழுத்து ரொம்பப் பொடி.

தேரடி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிய வரைபடம்
சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது,
மூலைக்கு ஒரு ஊறுகாய் பாட்டில்.
போக வேண்டிய சாலைக்குச்
சிவப்பு மை அடித்துவிட்டுப் படுத்தேன்.

விடிகாலையில் மோட்டார் போட எழுந்தால்
கடல் என்று வெறுமையாக விட்டிருந்த இடத்தில்
பென்சில் கோடு.
மூன்று மலை.
நடுவிலிருப்பது இடுப்பொடிந்து சாய்ந்திருக்கிறது.
ஓரத்தில் ஒரு புள்ளி, விளக்கு போல.
கீழே என்ஜின் அறைக் குறிப்பேட்டின்
அதே சதுரக் கையெழுத்து:
'தளத்திலிருந்து பார்த்தால் இப்படி.
காலை ஆறு மணி. மஞ்சள்.'

என் சிவப்புச் சாலை
அந்த மலைகளுக்குப் பின்புறம் போகிறது.
அவர் அறிந்ததெல்லாம் முகம்தான்.
நாங்கள் ஒன்பது நாளும்
முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருப்போம்.

ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதினேன்.
எண்பது லிட்டர்.
இன்றிரவு அம்மாளைக் கேட்க வேண்டும்,
அங்கே படகு கிடைக்குமா,
முழங்கால் மடங்காத ஒருவர்
ஏறி இறங்குகிற மாதிரி.
முக்கியமாக, இறங்குகிற மாதிரி.