மாற்றுத்துணி

டர்பன் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம்
கார்ப்பரேஷன் கொட்டகை.
கொதிகலன் எனக்கு, கணக்கேடு துரைக்கு.
ரயிலில் வந்தவர்கள் விடியுமுன்பே வரிசையில் நிற்பார்கள்.
டிரான்ஸ்கையில் மழை பொய்த்து மூன்றாம் வருஷம்.

துணியெல்லாம் என்னிடம் வரும்.
உடம்பெல்லாம் தொட்டிக்குப் போகும்.
மாடு முக்குகிற அதே தொட்டி, அதே மருந்து,
படி மட்டும் மனிதன் இறங்க வாகாய்ச்
சிமெண்டில் புதிதாய்க் கட்டினார்கள்.

டைபஸ் என்றார் டாக்டர்.
பழைய பேர்களும் சொன்னார்:
சிறைக் காய்ச்சல், பஞ்சக் காய்ச்சல், கப்பல் காய்ச்சல்.
கப்பல் என்றதும் எனக்குத் திக்கென்றது,
என் அப்பன் வந்தது அப்படித்தான்.
பங்களாக் காய்ச்சல் என்று
எந்த ஊரிலும் அதற்குப் பேர் இருந்ததில்லையாம்.

நம் ஆட்கள் எப்போதோ பேர் வைத்துவிட்டார்கள்:
சீலைப்பேன்.
தலையில் இல்லை, தோலிலும் இல்லை,
தையல் மடிப்பில் குடியிருக்கும்.
பசித்தால் மட்டும் உடம்புக்கு வந்துபோகும்.
காய்ச்சல்காரன் சூடு அதற்கு ஆகாது,
பக்கத்தில் படுத்தவனிடம் போய்விடும்.
ஒரு கம்பளிக்குள் நாலு பேர் என்றால்
அதற்கு நடை மிச்சம்.
கடைசியில் அதுவும் அதே நோயில்
சிவந்து சாகிறதாம்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு.
சொன்ன ஆளுக்கு
இரண்டு கந்தை இருந்திருக்கும்.

வுயிசிலேயிடம் ஒன்றுதான்.
பாண்டோலாந்திலிருந்து மூட்டை தூக்க வந்தவன்.
மாவுச் சாக்கும் பழங்கம்பளியும் ஒட்டுப்போட்ட சட்டை,
ஆவி பட்டதும் நூல் விட்டுவிட்டது.
கொக்கியால் தூக்கினேன்,
கை தனியாக வந்தது, காலர் தனியாக.
ஆள் பாதி ஆடை பாதி என்றால்
ஒரு பாதி என் வாளியில் கிடந்தது,
மற்றப் பாதி சிமெண்டில் நின்றது
ஜூலைக் குளிரில், மருந்து சொட்டச் சொட்ட.

ஏட்டில் பேர் உண்டு, ஊர் உண்டு, தேதி உண்டு.
சட்டைக்கென்று கட்டம் கிடையாது.
'சுத்தம்' என்று முத்திரை குத்தினார் துரை.
கரிச்சாக்கில் மூன்று ஓட்டை வெட்டிக் கொடுத்தேன்.
தலையை நுழைத்துப் பார்த்துச் சிரித்தான்.
"இனிமேல் பேனும் கறுப்பாத்தான் இருக்கும்" என்றான்,
எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான
அரைகுறைப் பாஷையில்.

பதினோராம் நாள் அதே சாக்கோடு திரும்பி வந்தான்.
மறுபடி தொட்டி. மறுபடி சுத்தம்.
மூன்றாம் தடவை
சாக்கு மட்டும் வந்தது.
அதையும் அவித்தேன்.

எங்கள் பாரக்ஸில் அறுபது குடும்பத்துக்கு ஒரு குழாய்.
என் பெண்சாதி பேர் தனக்கோடி.
புடவையில் ஒரு பாதியைச் சுற்றிக்கொண்டு
மறு பாதியை அலசுவாள்,
காய்ந்த பிறகு திருப்பிச் சுற்றிக்கொண்டு
இதை அலசுவாள்.
அவளை அந்தச் சிமெண்டில் நிறுத்தி
ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன்.
பிறகு நினைப்பதில்லை.

நேற்று ராத்திரி
என் வேட்டி மடிப்பில் ஏதோ ஊர்ந்தது.
விளக்கை ஏற்றவில்லை.
இருட்டிலேயே தடவித் தேடி
இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நெரித்தேன்.
சொட்டென்று சத்தம், சின்னதாக.
தனக்கோடி புரண்டு படுத்து
"என்ன அது?" என்றாள்.
சனிக்கிழமைதான் சம்பளம்.
"ஒன்றுமில்லை, தூங்கு."