ஒட்டும் அளவு

முதலில் பலகைக்கு ஒரு தோல்.
நீல மாஸ்கிங் டேப்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்,
இடையில் மயிரிழை மரம் தெரியாமல்.
அதன் மேல்தான் தாள்.

நேரே மரத்தில் ஒட்டி இரண்டு முறை அழுதிருக்கிறேன்.
ஒருமுறை தின்னர் போட்டுத் துடைத்தேன்,
மலைவேம்பின் முகமெல்லாம் தேமல்.
மறுமுறை கோதுமை மாப் பசை.
விடியப் பார்த்தால்
கரப்பொத்தான் 'சு'வை முழுக்கத் தின்றுவிட்டு
'கந்தி'யை விட்டு வைத்திருந்தது.
சுகந்திக்கு இதை எப்படிச் சொல்வது?

பசை குறைந்தால்
அலகு ஓடுகிற காற்றுக்கே தாள் எழும்பி
கோடு எங்கே என்று என்னைக் கேட்கும்.
கூடினால்
நாலாஞ்சடங்கு முடிந்தும் கிளம்பாத விருந்தாளி.
சித்திரையில் ஸ்பிரே, தாளில் விழமுன்னம் காய்கிறது.
கார்த்திகையில் காயவே மாட்டேன் என்கிறது.
தட்டாதெருச் சந்தியில் இந்த ஒன்பதடிக் கடைக்குள்
நான் பஞ்சாங்கம் பார்ப்பது
இதற்கு மட்டும்தான்.

கோண்டாவிலில் புது வீடு. ரொறன்ரோவிலிருந்து ஓடர்.
'மதுமிதா இல்லம்.'
யசோதரன் நாலு தாளாக அச்சடித்துத் தந்தான்.
மூன்றாம் தாளும் நாலாம் தாளும் சேருமிடத்தில்
அரை மில்லிமீற்றர் பிசகு,
'ல்ல' இரண்டும் கோபித்துக்கொண்டு நின்றன.
பிரித்து, ஊதி, திரும்ப ஒட்டினேன்.

பிறகு புள்ளிகள்.
வெட்டினால் ஒன்றிலும் பிடிக்காமல் விழுந்துவிடும்.
ஓலையில் எழுதினவர்கள் புள்ளியை விட்டுவிட்டே போனார்கள்,
வாசிக்கிறவர் பாடு என்று.
இங்கே அது நடக்காது.
"அக்கா, புள்ளி இல்லாட்டி அது 'இலலம' எல்லோ?"
சரி தம்பி.
ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே
நூலளவு ஒரு காம்பு, பென்சிலால்.

முதல் ம-வின் வயிற்றில் துளை போட்டு
அலகைக் கழற்றி, உள்ளால் கோத்து,
இறுக்கி, விரலால் சுண்டினேன்.
டிங் என்றது.
போனும் அதே நேரம் அதிர்ந்தது.

குரல் பதிவு, நாற்பது செக்கன்.
வீட்டை விற்கிறோம்.
பெயர் இனித் தேவையில்லை.
முற்பணத்தை நீங்களே வைத்திருங்கோ.
பின்னால் ஆரோ
கோப்பைகளைக் கடதாசியில் சுற்றுகிற சத்தம்.
மதுமிதா ஆர் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன்.
டேப்போடு தாள், தாளோடு பெயர்,
எல்லாம் ஒரே இழுவையில் வந்தது,
இவ்வளவு சுகமாக ஒருநாளும் வந்ததில்லை.
மரத்தில் ஒரு பிசுக்கும் இல்லை.
ஒரு துளை மட்டும்.

பதின்மூன்று நாள் சுவரில் சாய்ந்து நின்றது பலகை.

அரசடிச் சலூன்காரர் பிருந்தவன் வந்தார்.
கத்தரிக்கோலும் சீப்பும் வேணும், கீழே பெயர்,
விலை குறைத்து.
இரண்டு அந்தரித்த ஆட்கள், நானும் பலகையும்.
ஓம் என்றோம்.

புது நீலத் தோல்.
தாளை மேலே பிடித்து
பலகைக்குப் பின்னால் போன் வெளிச்சத்தை வைத்தேன்.
துளை இருந்த இடத்தில் டேப்பையும் தாளையும் தாண்டி
கடுகளவு வெளிச்சம்.
தாளை நகர்த்தினேன்.
சீப்பின் பல்லில் நின்றது. கூடாது.
பிருந்தவனின் 'பி'யில் ஏறியது. கூடாது.
கொஞ்சம் இடம், கொஞ்சம் மேலே,
மூச்சை விடாமல் இன்னும் கொஞ்சம்.
கத்தரிக்கோலின் கைவளையத்துக்குள்
வெளிச்சம் போய் இருந்தது.
அப்படியே அமத்தினேன்.

அந்த வளையத்துக்குப் புதுத் துளை போடவில்லை.
அலகு பழைய வாசலால் உள்ளே போய்
ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.
உள்துண்டு கழன்று காலடியில் விழுந்தது,
ஓட்டை நடுவில் இல்லை, ஒரு கரையில்.

பிருந்தவன் பெயரை இரண்டு முறை வாசித்தார்.
"ன்" புள்ளியை விரலால் அசைத்துப் பார்த்தார்.
அசையவில்லை.
பிறகும் இருநூறு ரூபா குறைத்துத்தான் தந்தார்.

விழுந்த துண்டில் கயிறு கோத்து
கடைத் திறப்பில் மாட்டியிருக்கிறேன்.
அதன் நீலத் தோலை மட்டும் இன்னும் உரிக்கவில்லை.
பொக்கற்றுக்குள் கிடந்து கிடந்து
ஓரம் தானாகக் கிளம்பத் தொடங்கியிருக்கிறது.