எத்தனை ஒட்டு

போச்சம்பள்ளி சந்தையில் முப்பது ரூபாய்க்கு வாங்கியது
பதினோரு நாள்.
பிறகு மடக்கினால் நிற்கவில்லை,
ரப்பர் பேண்ட் போட்டு மேலும் நான்கு.

நூற்றிருபது ரூபாய்க்காரி ஒரு பருவம் தாங்கினாள்.
ரிவிட்டு கழன்றதும்
சைக்கிள் போக்ஸ் கம்பியை அறுத்து
திம்மராயன் அடித்துக் கொடுத்தான்.
அந்த வருடத்துப் பெங்களூரா ஒட்டெல்லாம் அவள் கைதான்.

அறுநூறு கொடுத்த கத்தி வேறு.
மாம்பால் பட்டும் துருவில்லை.
சாணையில் நகக்கண் அகலம் தேய்ந்தும்
சீவினால் கண்ணாடி.
நான்கு வருடம்,
நாற்பதாயிரம் செடி.

ஐந்தாம் வருடம்
விரித்தபடியே எந்த மண்பையில் விழுந்ததோ,
சித்தூர் லாரியில் செடியோடு போயிற்று.

சந்தூர் நர்சரி முதலாளி கேட்கிறார்,
"அது எவ்வளவு நாள் உழைச்சுது, மாதம்மா?"

எனக்கென்ன தெரியும்.
அங்கே யாராவது குழி தோண்டி
பையைக் கிழிக்கும்போது
கையை வெட்டிக்கொண்டால்
சொல்லி அனுப்பட்டும்.