ஞாயிறு வரை

அந்துவான் டாக்கை இறக்கிவைத்துப் போய்
ஐந்து நாளாகிறது.
எண்களை வாங்கி ஒலியாகத் தரும் பெட்டி,
செங்கல் அளவு.
"கேட்டுப் பாருங்க, பிடிக்கலன்னா
ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிறேன்."
இரண்டே முக்கால் லட்சம்.
பழையதை ஐம்பதாயிரத்துக்கு எடுத்துக்கொள்வானாம்.

பழையதற்கு ஒன்பது வயது.
வைத்திக்குப்பத்து உப்புக்காற்றில்
அதன் பின்புறச் செருகிகள் பச்சை பூத்தபோதெல்லாம்
ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்திருக்கிறேன்.
புதியதற்கும் இதே காற்றுதான்.

முதல் இரவே கேட்டுவிட்டது,
வீணைக்காரர் மூன்றாம் நிமிடத்தில்
மூக்கால் இழுத்த மூச்சு.
பழையதில் போட்டேன்.
அங்கேயும் இருந்தது.

ரெஜினாவைக் கூப்பிட்டேன்.
கண்ணைக் கட்டிக்கொள்கிறேன்,
மாற்றி மாற்றிப் போடு, எதுவென்று சொல்லாதே.
பத்து முறை.
இது புதுசு. இது பழசு.
இதில் தம்புரா சுவரைத் தாண்டி நிற்கிறது.
இதில் மிருதங்கம் கொஞ்சம் ஈரம்.
துண்டை அவிழ்த்தால்
அவள் மோடாவில் கால் நீட்டி
பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள்.
"ரெண்டாவது தடவைக்கப்புறம்
நான் எழுந்திரிக்கவே இல்ல."

இருவரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

இன்று சனி. கரண்ட் போய்
மின்விசிறி நின்ற அரை நிமிடம்
கடல் உள்ளே வந்து உட்கார்ந்தது,
எந்தப் பெட்டியும் இல்லாமல்
என்று முடித்துவிடலாம்தான்.

ஆனால் அந்தத் தம்புரா
சுவரைத் தாண்டி நின்றதே,
அது எதிலிருந்து வந்து நின்றது?

தெர்மகோலை இன்னும் தூக்கி எறியவில்லை.
பாஸ்புக்கை மட்டும்
இரண்டு முறை திறந்தேன்.