ஓடக்காரனுக்கு இரண்டு கட்டம்

நாவல் ஒன்றுதான், நாங்கள் நாலு பேர்.
குளுவாங் டவுனில், லிம் கடையில் நகலெடுத்ததில்
ஐம்பத்தேழாம் பக்கம் இரண்டு முறை வந்திருந்தது,
ஐம்பத்தெட்டு வரவே இல்லை.
கண்ணாடி ஆமை எப்படிப் பேசத் தொடங்கியது என்று
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கதைப்பின்னல் முகேந்திரனுக்கு.
மலை மாதிரி ஒரு கோடு இழுத்து
தொடக்கம், சிக்கல், உச்சம், தீர்வு என்று குறிக்கவேண்டும்.
லம்பாக் மலையை வரை என்றாள் லோஷினி.
அவன் ஆலைக்குப் போகும் செம்மண் ஏற்றத்தை வரைந்தான்.
உச்சத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

சொல்வளம் எனக்கு.
அகழி: கோட்டையைச் சுற்றித் தோண்டிய பள்ளம்.
அகராதியைத் திறக்குமுன்பே தெரியும்.
பன்னிரண்டாம் பிளாக்கில் யானை வராமலிருக்க
இயந்திரம் வைத்துத் தோண்டியிருக்கிறார்கள்.
உள்ளே அரசி இல்லை, செம்பனைக் கன்றுகள்தான்.
உறைபனி: வாக்கியம் அமைத்திடுக.
'மீன்காரர் ஆ சியோங்கின் பெட்டியில் உறைபனி உள்ளது.'
ஆசிரியை சரி போட்டார்,
பக்கத்தில் ஒரு சிரித்த முகமும்.
வெளியேற்றம் என்ற சொல்லை மட்டும்
கடைசிக்குத் தள்ளிவைத்தேன்.

கதாபாத்திரங்கள் மற்ற இருவருக்கும்.
விளக்குக்கு வரி கேட்கும் அரசியை
லோஷினி மூன்று குணத்தில் முடித்துவிட்டாள்.
தர்வினுக்கு வந்தது ஓடக்காரன் வேழன்:
நாணலில் ஒளிந்திருந்த பிள்ளைகளை
ஒரு கம்பளிக்குக் காட்டிக்கொடுத்தவன்.

தாளில் இரண்டு கட்டம்.
நல்லவன். கெட்டவன்.
தர்வின் பென்சில் முனை நொறுங்கக் குறியிட்டான்.
கீழே, விளக்கம் என்ற கோட்டில்,
ஒரே சொல், ஒரு முற்றுப்புள்ளி.
துரோகி.
எழுதும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி
கம்பெனிக் கடிதம் வந்தபோது
முப்பத்தொரு வீடும் கையெழுத்துப் போடுவதில்லை என்று
கோயில் கொட்டகையில் பேசி முடித்தார்கள்.
முதல் கையெழுத்து என் அப்பாவுடையது.
ஒன்பதாயிரம் வெள்ளி.
அதற்கு முந்தின இரவு
வட்டிக்காரன் ஆட்கள் எங்கள் கதவில்
சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனதும்,
விடிவதற்குள் அப்பா மண்ணெண்ணெய் போட்டுத்
தேய்த்துத் தேய்த்து எடுத்ததும்
யாருடைய கதையிலும் வராது.

நான் தொண்ணூற்று நான்காம் பக்கத்தை எடுத்து
தர்வின் முன்னால் வைத்தேன்.
வேழனின் மகள் இரவெல்லாம் இருமும் பக்கம்.
நகலில் பாதி மங்கியிருக்கும்,
கவனிக்காமல் தாண்டிவிடலாம்.

'படிச்சேன்' என்றான்.
'புள்ள இருமுனா? அடுத்தவன் புள்ளய காட்டிக் குடுக்கலாமா?'

என்னிடம் பதில் இல்லை.
'அந்தக் கம்பளியும் பத்தலன்னு அப்புறம் வருது'
என்றாள் லோஷினி. அவளை யாரும் கேட்கவில்லை.
'உச்சம் எங்க போடறது, ஓடத்துலயா, கோட்டையிலயா?'
முகேந்திரன் லோரிக்குச் சக்கரம் வரைந்துகொண்டே கேட்டான்.
அவனுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

தர்வின் ரப்பரை எடுத்தான்.
அழிப்பான் என்று நினைத்தேன்.
மேசையில் இரண்டு தரம் உருட்டினான்,
பெட்டியில் திரும்பப் போட்டான்.
கட்டத்தில் போட்ட குறி அப்படியே இருந்தது.
பிறகு, ஏதோ தூசியைத் தட்டுகிறவன் போல,
அந்த முற்றுப்புள்ளிக்கு
ஒரு சின்ன வால் இழுத்தான்.

துரோகி,

அதற்கு மேல் எழுதவில்லை.
கோட்டில் இன்னும் நிறைய இடமிருந்தது.

பஸ்காரர் ஹார்ன் அடித்தார்.
முகேந்திரன் மலையைச் சுருட்டிப் பைக்குள் செருகினான்.
பஸ்ஸில் தர்வின் முன்வரிசையில் உட்கார்ந்தான்,
நான் கடைசியில், நகல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு.

வெளியேற்றம் என்பதற்கு
நான் இன்னும் வாக்கியம் அமைக்கவில்லை.