ஒன்பது படி

ஜூன் பதினொன்று, சண்டிகர் வண்டி.
காத்திருப்போர் பட்டியலில்
பதினான்கு, பதினைந்து.
பல் விளக்கும் முன்பே செல்போனைப் பார்த்துவிட்டு
முத்துராக்கு கூப்பிட்டுச் சொல்வாள்:
பதினாலுதான்டி.
இன்றைக்குப் பன்னிரண்டு.
யாரோ இரண்டு பேருக்கு மனசு மாறியிருக்கிறது,
அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

சீட்டு எடுத்த பணம் முப்பத்தெட்டாயிரம்
வங்கியில்தான் இருக்கிறது.
ஆனாலும் நடுராத்திரி எழுந்து
தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

காசிக்கா, என்றாள் அம்மா.
அதற்கும் மேலே.
கைலாசமா?
அதற்குக் கொஞ்சம் கீழே. ஸ்பிட்டி.
அங்கே என்ன சாமி?
புத்தர்.
கீரை ஆய்ந்த கை நின்றது.
அவரு வேணாம்னு எல்லாத்தையும்
விட்டுட்டுப் போனவரு.
ஒனக்கு என்ன கேடு?

கத்திரி வெயிலில் கம்பளிக் கையுறை கேட்டவளை
விளக்குத்தூண் கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.
ஸ்வெட்டர் மட்டும் இருக்கிறது,
மார்கழியில் தமுக்கம் பக்கம்
பேமாவிடம் வாங்கியது.
பைலகுப்பையில் பிறந்தவள், கன்னடம் ஒட்டிய தமிழ்.
பனி எப்படி இருக்கும் என்று
அவளிடம் போய்க் கேட்டேன்.
குல்பி வண்டிக்குள்ள தலைய விட்டுப் பாருங்கக்கா,
நானும் அப்படித்தான் பார்த்தேன் என்றாள்.

என் வேலை ஊதச் சொல்வது.
மூக்கில் கிளிப், வாயில் குழாய்.
இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க.
இப்ப ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்.
திரையில் ஒரு கோடு மலைபோல் எழுந்து சரியும்.
ஒரு நாளைக்கு முப்பது மலை.

அடைக்கனுக்கு நாற்பத்திரண்டு வயது, என் வயது.
மேலூர்ப் பக்கம் கல்லறுக்கும் பட்டறையில்
பதினேழு வருடம்.
அவர் மலை எழவே இல்லை.
ஒரு வரப்பு உயரம், அவ்வளவுதான்.
இருமி முடித்துவிட்டு
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நான் வைத்திருந்த
வரைபடத்தைப் பார்த்தார்.
எந்த ஊரு?
சொன்னேன். பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே.
இங்கே மூச்சில் பத்துப் பங்கு என்றால்
அங்கே ஆறுதான் கிடைக்கும்.
எனக்கு இப்ப எத்தனைன்னு வந்திருக்கு?
சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
நாலு இருக்குமா?
நான் பிரிண்டரில் தாள் சரிபார்த்தேன்.
அப்ப நான் அதுக்கும் மேல இருக்கேன்ல, என்று
சிரிக்கப் போய் மறுபடி இருமினார்.

தண்ணீர் கொடுத்தேன்.
அன்று லிஃப்ட் ஓடவில்லை.
மாடிக்கு எப்படி வந்தீங்க என்றேன்.
ஒம்பது படி ஏறுவேன், நிப்பேன்.
சும்மா நின்னா எல்லாரும் பாக்குறாக,
அதுனால யாரையோ தேடுற மாதிரி
சுத்தி முத்தி பார்ப்பேன்.
அப்புறம் ஒம்பது.

அவர் போன பிறகு பட்டியலை எடுத்தேன்.
தலைவலி மாத்திரை, அடையாள அட்டை நகல் நான்கு,
புளியோதரைப் பொடி, காலுறை ஆறு ஜோடி.
மாத்திரைக்கும் காலுறைக்கும் நடுவில்
இடுக்கி எழுதினேன்:
ஒன்பது படி.

ஞாயிறுதோறும் எங்களுக்குச் சமணமலை.
கீழக்குயில்குடியில் வண்டியை நிறுத்தி
தாமரைக்குளம் தாண்டி ஏற வேண்டும்.
முத்துராக்கு முதுகுப்பையில்
ஐந்து கிலோ பொன்னி அரிசி. பயிற்சியாம்.
இன்னும் பதினைந்து சமணமலையை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்
அந்த ஊர் வரும், கணக்குப் போட்டிருக்கிறோம்.
பாறையில் வெட்டிய படி.
ஏழு. எட்டு.
மூச்சு இருந்தது எனக்கு, நிறையவே இருந்தது.
ஒன்பதில் நின்றேன்.
கழுத்தைத் திருப்பி
ஆலமரத்தை, அய்யனார் கோயில் வாசலை,
தூரத்தில் வெயில் கரைத்த ஊரைப் பார்த்தேன்.

முன்னால் போனவள் திரும்பி,
அரிசிப் பையோடு இடுப்பில் கைவைத்து,
யாரடி தேடுற, என்றாள்.